சாப்பாட்டு மேசையில் பூட்டிய துவக்கு

அந்த வருடம் இலைகள் உதிரத் தொடங்கியதிலிருந்து நாங்கள் சோபாவில் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம். மேசையில் ஒரு துவக்கு, வேட்டைத் துப்பாக்கி, பகுதி பகுதியாகக் கழன்று கிடந்தது.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். என் கணவருக்கு இரும்புத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் இரவு வேலை. எனக்குத் தையல் தொழிற்சாலையில் பகல் வேலை. நான் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அவர் போட்டுக்கொண்டிருப்பார். இருவரும் விழித்தபடி வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

அவரோடு வேலை செய்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் வடக்கே மான் வேட்டைக்குப் போவார்கள். அவர்களில் வயதான ஒருவர், மரப்பிடி உக்கிப்போன தன் பழைய துவக்கை இவருக்குக் கொடுத்து, புது மரம் போட்டுப் பூட்டினால் நீயும் வரலாம் என்று சொல்லியிருந்தார். இவரும் வேட்டை வகுப்புக்குப் போய், அனுமதிப்பத்திரம் எடுத்து, அரைகுறையாகக் கடைந்த ஒரு மரப்பிடியைத் தபாலில் வரவழைத்தார்.

"ஊரில சண்டையெண்டு துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இப்ப வீட்டுக்குள்ளயே கொண்டந்து வைச்சிருக்கிறியள்" என்றேன்.

"உது மானுக்கு. இவ்வளவு வருசமா அவங்களோட நிண்டு வேலை செய்யிறன். சாப்பிடேக்க அவங்கள் கதைக்கிறது முழுக்க வேட்டைதான். நான் பாணைக் கடிச்சுக்கொண்டு சும்மா இருக்கிறன்."

அதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பில்லை.

முதலில் மரத்துக்குள் துவக்கின் இரும்புப் பகுதி இறங்கவில்லை. சாண்ட்பேப்பரால் தேய்த்தார். தூள் சோற்றுப் பானை வரைக்கும் பறந்தது. ஒருவழியாக இரும்பு இறங்கியது. ஆனால் போல்ற் மூட மறுத்தது. குண்டை உள்ளே தள்ளித் திருப்பி மூடுகிற கைபிடியுள்ள இரும்புத் தண்டுதான் போல்ற். அது பாதியில் நின்று இறுகிவிடும். மரம் இடிக்கிறது என்று நினைத்து இன்னும் தேய்த்தார். பிறகு போல்ற்றில்தான் பிழை என்று எண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தார். குண்டு வைக்கும் பெட்டியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார். ஞாயிறுகள் இப்படியே போயின.

"துவக்குத் தந்த மனுசனிட்டக் கொண்டுபோய்க் காட்டுங்கோவன்."

"இல்லை. நானே பூட்டினன் எண்டு சொல்லோணும்."

ஒரு ஞாயிறு மத்தியானம் உடுப்புத் தோய்க்கப் போனவளைக் கூப்பிட்டார். "இஞ்ச ஒருக்கா வாரும். உதை ஆடாமல் பிடியும்."

பிடித்தேன். வீட்டில் குண்டு ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அடியில் இருந்த இரண்டு திருகாணிகளையும் முறுக்கிவிட்டுப் போல்ற்றைத் தள்ளினார். இறுகியது. ஆணிகளைத் தளர்த்தினார். வழுக்கிக்கொண்டு போனது. திரும்ப முறுக்கினார். எனக்குக் கண் சொருகியது.

"எந்த ஆணியைப் பூட்டேக்க இறுகுது?" என்று கேட்டேன். எப்படியாவது முடிந்தால் படுக்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

"ரெண்டையும்தானே பூட்டுறன்."

"ஒண்டைப் பூட்டிப் பாருங்கோ. பிறகு மற்றதை."

பின் ஆணியைப் பூட்டினார். போல்ற் மூடியது. முன் ஆணியைப் பூட்டினார். நின்றுவிட்டது. முன் ஆணியைக் கழற்றி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதன் நுனி மட்டும் உரசி உரசிப் பளபளத்தது. மரத்தைத் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்கியதில் ஆணி நீளமாகிப்போய் உள்ளே நுழைந்து போல்ற்றை முட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"சனியன்" என்று கதிரையில் இருந்துவிட்டார். "நான் தேய்க்கத் தேய்க்கத்தான் கூடியிருக்கு."

அரத்தால் ஆணியின் நுனியைக் கொஞ்சம் ராவிவிட்டுப் பூட்டினார். போல்ற் சத்தமில்லாமல் மூடியது. திரும்பத் திரும்பத் திறந்து மூடினார். சந்தோசப்பட வேண்டிய நேரம்தான். நான் போய்ப் படுத்துவிட்டேன். எழும்பி வந்தபோது துவக்கு அலுமாரிக்குள் பூட்டியிருந்தது. மேசை துடைத்திருந்தது. அவர் கதிரையிலேயே வாயைத் திறந்தபடி நித்திரையாகிப்போயிருந்தார்.

துவக்குத் திருத்தும் ஒருவர் அதைப் பார்த்துச் சரியென்ற பிறகே அவர் வேட்டைக்குப் போனார். ஞாயிறு பின்னேரம் சேற்றுச் சப்பாத்தோடு திரும்பி வந்தார்.

"மான் கண்டனீங்களோ?"

"இல்லை. நித்திரையாப் போனன்."

ஒரு மரத்தடியில் இவரை இருத்திவிட்டு மற்றவர்கள் போனார்களாம். மெஷின் சத்தம் இல்லை, கூப்பிட ஆள் இல்லை, தடித்த கோட்டுக்குள் நல்ல சூடு. குறட்டைச் சத்தத்தை வைத்துத்தான் இவரைக் கண்டுபிடித்தார்களாம். துவக்கு ஒரு தடவையும் வெடிக்கவில்லை.

தாங்கள் சுட்டதில் ஒரு பங்கு இறைச்சியை அவர்கள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கே வறுத்த மிளகாய்த்தூள் போட்டுச் சமைத்தேன். எவ்வளவு அவித்தும் மசியவில்லை. அவர் ஒவ்வொரு துண்டையும் நெடுநேரம் சப்பிச் சப்பி விழுங்கினார்.

"இன்னும் கொஞ்சம் போடட்டோ?"

"காணும். வேலைக்கு நேரமாகுது."

கையைக் கழுவிவிட்டுக் கோட்டை எடுத்தார்.