மடியில் பாடிய கடிகாரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணி வாலிபர்களுக்குத் தெரிந்த சாமான்கள் இரண்டே வகை: ஃபாரின், மற்றதெல்லாம். அக்காவின் கணவர் சவூதியிலிருந்து லீவில் வந்தபோது அவர் கையில் இருந்தது முதல் வகை. முள் இல்லாத கறுப்புக் கடிகாரம். நேரத்தை எண்ணாகக் காட்டும், வைத்த வேளைக்குப் பாடும். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டேன். மச்சான் கழற்றிக் கொடுத்துவிட்டார். அக்காதான் வாசல் வரை பின்னால் வந்தாள்.

"பத்திரம்டா. அதுக்கு எதுனா ஆச்சு, அவுங்கம்மா ஆயுசுக்கும் என்னைத்தான் பேசிகினு இருப்பாங்க."

அங்கே பிடித்த பயம், பள்ளிவாசல் ஹவுதுத் தொட்டிக் கரையில் முகம், கைகால் கழுவி ஒளு செய்ய உட்கார்ந்ததும் நடுக்கமாகிவிட்டது. தண்ணீர் பட்டால் கடிகாரம் போச்சு. மணிக்கட்டு நனையாவிட்டால் தொழுகை போச்சு. கழற்றி லுங்கி மடியில் செருகிக்கொண்டேன்.

தொழவைக்கும் ஹஜ்ரத் அன்றைக்கென்று பார்த்துக் கனாஅத் பற்றிப் பேசினார். அல்லாஹ் கொடுத்தது போதும் என்கிற மனசு. "ஃபாரின் சாமான் பின்னாடியே அலையிற வாலிபப் புள்ளைங்களே" என்றபோது அவர் என் மடியைத்தான் பார்த்தார் என்று இன்றும் நம்புகிறேன்.

சஜ்தாவில் நெற்றி தரையில் இருக்கும்போது மடி பாட ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு வயிற்றை அழுத்தினேன். அடங்கியது. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் பக்கத்துப் பெரியவர் கேட்டார்:

"வயித்துல இன்னாப்பா, ரேடியோவா?"

வெளியே வந்து எடுத்துப் பார்த்தால் நேரத்தையே காணோம். எண்கள் வெறிபிடித்தாற்போல் ஓடிக்கொண்டிருந்தன. களம்பூர் பஸ்ஸில் ஏறிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. நான் ஓடிப்போனால் பேச்சு வாங்கப்போவது அக்காதானே. வீட்டுக்கே நடந்தேன்.

என்னைப் பார்த்ததுமே அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மச்சான் வாங்கி ஒரு பொத்தானை அழுத்தினார். ஓட்டம் நின்றது, நேரம் வந்தது.

"இது ஓட்டப்பந்தயத்துக்கு டைம் பாக்குறது மாப்ளே. இதுக்கா இப்படி வேர்த்துகினு நிக்கிறே? நீயே வச்சுக்க, எங்கிட்ட இன்னொண்ணு இருக்குது."

"வேணாங்க மச்சான். போதும்."

"பாத்தியா, தம்பிக்கு எவ்ளோ கனாஅத்து!"

"கனாஅத்தா? கிலிங்க அது" என்றாள் அக்கா.

இருக்கலாம். கனாஅத் பற்றிப் பிற்பாடு நிறையப் படித்தேன். என்னிடம் அது கிலி வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அன்று மாலை அஸர் தொழுகைக்கு ஹவுதில் வெறுங்கையை நீட்டி, முழங்கை வரை தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டேன். பயமில்லாத கை. நிறுத்த மனசே வரவில்லை.

பக்கத்தில் அதே பெரியவர்.

"போதும்ப்பா, போதும். ஹவுதையே காலி பண்ணிடுவே போலக்குதே!"