இருட்டறையில் அம்மாவின் கண்

பினாங்கில் என் பக்கத்து வீட்டுச் சீனத்து அக்காளுக்கு ஒரு கண் வெளுத்துப் போயிருக்கும். நான் குடிவந்த புதிதில் அவள் எங்கள் விளக்கைக் காட்டிக் காற்றில் வட்டம் வட்டமாக வரைந்தாள். விளக்கு அழகாயிருக்கிறது என்கிறாளாக்கும் என்று நானும் பல்லைக் காட்டினேன். பிறகு நெற்றியைப் பிடித்து, வாந்தி எடுப்பதுபோல் செய்து, அந்தக் கண்ணைத் தொட்டுக் கையை விரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. பின்னால் விசாரித்ததில், காற்று புகுந்துவிட்டதென்று அவள் வீட்டார் தைலம் தேய்த்தே கண்ணைப் போக்கடித்தார்களாம். ஊரில் நாம் பித்தம் என்போம், இங்கே காற்று என்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வருஷம் அத்தா மௌத்தாகி நான் சிதம்பரம் போயிருந்தபோது அம்மா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. ஜன்னலைச் சாத்தி இருட்டில் உட்கார வேண்டும் என்பது எங்கள் தெருக்காரர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது. அது எந்தக் கிதாபில் இருக்கிறதென்று கேட்டால் முறைப்பார்கள்.

ஒருநாள் அந்தியில் அம்மா, "வெளக்கைச் சுத்தி வானவில்லு மாதிரி தெரியுதுடி. உங்க அத்தாதான் வந்திருக்காங்களோ?" என்றாள். ஒரு கண் சிவந்திருந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

"ஓயாம அழுதா கண்ணு செவக்காதா? பித்தம் ஜாஸ்தியாயிடுச்சு, இஞ்சிச் சாறு குடு" என்றார் அவள் தம்பி, என் மாமா. எனக்குச் சீனத்து அக்காள் காற்றில் வரைந்த வட்டங்கள் ஞாபகம் வந்தன. "சாறும் வேணாம், ஒண்ணும் வேணாம். கார் புடிங்க மாமா, கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றேன்.

"இத்தாவுல இருக்கேன், வாசப்படி தாண்ட மாட்டேன்" என்று அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ண அவிச்சுக்கிட்டு உட்காருன்னு மார்க்கம் சொல்லுதா? நாளைக்குக் குர்ஆன எதை வச்சுப் பார்த்து ஓதுவே?" என்று கத்திவிட்டு நானே அழுதேன். மாமா போய்க் கார் கொண்டுவந்து, அதன் ஜன்னல்களில் போர்வையைக் கட்டினார்.

கடலூரில் டாக்டர் அம்மாவின் மூடிய இமைமேல் விரலால் மெல்ல அமுக்கிப் பார்த்தார். "கல்லாட்டம் இருக்கு. காலையில பார்த்துக்கலாம்னு இருந்திருந்தா கண்ணு போயிருக்கும்" என்றார். கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் அழுத்தம் ஏறிவிட்டதாம். இப்படிப்பட்ட கண்ணுக்கு இருட்டு ஆகவே ஆகாதாம். சொட்டு மருந்து விட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், எலுமிச்சை பிழிந்த கிளிசரினைக் குடிக்க வைத்தார்கள். அழுத்தம் இறங்கியதும் கண்மணியைச் சுற்றியுள்ள திரையில் சின்னத் துளை போட்டார்கள். மற்றக் கண்ணுக்கும் செய்துவிட வேண்டும் என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், கண் தப்பியது.

கட்டை அவிழ்த்த அன்று, "தெரியுதாம்மா?" என்று கேட்டேன்.

என்னையே பார்த்தாள். "தெரியுது. கெளம்புற மூஞ்சியால்ல இருக்கு உனக்கு!"

நாகப்பட்டினத்தில் கப்பலுக்குச் சொல்லி வைத்திருந்ததை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பினாங்கில் என் பிள்ளைகள் வழிபார்த்திருந்தார்கள்.

"அழுவாத. அந்த வெளிச்சத்துக்கிட்ட போயி நில்லு" என்றாள். "போற வரைக்கும் பார்த்துக்கறேன்."

நின்றேன்.