கிளென் ஈடன் மண்டபத்தில் உயர்ந்த கைகள்

1988 மார்ச் 5, சனிக்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். குசினி யன்னலில் தொங்கும் வெப்பமானி பத்தொன்பது காட்டியது. தேநீர் போட்டேன். துணி துவைக்கும் இயந்திரத்தை ஆறேகாலுக்குப் போட்டு, ஏழு பத்துக்கு முன் எல்லாவற்றையும் கொடியில் விரித்தேன். ஆய்வுகூடத்தில் எனக்கு அன்று ஷிஃப்ட் வேலைமுறை இல்லை. ஆகவே கணவரின் வெள்ளைச் சேர்ட்டை இஸ்திரிப் பெட்டியால் ஆறுதலாக அழுத்த முடிந்தது. கழுத்துப்பட்டியை இரண்டு தரம் அழுத்தினேன் என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

வானொலியில் அமெரிக்கச் செய்தி போனது. அங்கே சனாதிபதித் தேர்தலுக்கு முன்னால் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தெரிவுசெய்வதற்கு மாநிலம் மாநிலமாக வாக்கெடுப்பு நடத்துகிற காலம். வருகிற செவ்வாய்க்கிழமை பல மாநிலங்களில் ஒரே நாளில் வாக்கெடுப்பு. பணம் போதாமல் சிலர் முன்னரே விலகிவிட்டார்கள் என்று செய்தி வாசித்தவர் மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"வோட்டுப் போட முந்தியே ஆட்கள் குறைஞ்சு போச்சினம், பாத்தீரே?" என்றார் கணவர். "சனம் தெரியிறதுக்கு முதல் காசு தெரிஞ்சு போடுது."

நான் சேர்ட்டைக் கொழுவியில் மாட்டிக் கொடுத்தேன். அதை அன்று அவர் உடுத்தியது எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் தேர்வுக்கு.

எங்கள் சங்கம் சிறியது. அந்த நாளில் நியூசிலாந்தின் ஒக்லண்டில் இருந்த தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ண முடியாவிட்டாலும் ஒரு கொப்பியின் நாலு பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். அந்தக் கொப்பி என்னிடம்தான் இருந்தது, நான் செயலாளர். தலைவரைத் தெரிவுசெய்வதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். நியூ லின், கிளென்ஃபீல்ட், கிளென் ஈடன் என்று மூன்று பகுதிகள். ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாகக் கூடித் தனக்கு யார் வேண்டும் என்று சொல்லும். இரண்டு பகுதிகள் சொன்னவர் தலைவர். வேலைமுறையும் வாகன வசதியும் ஒத்துவராததால் உண்டான ஏற்பாடு அது. வேறு தத்துவம் எதுவும் அதில் இல்லை.

அந்த வருடம் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் என் கணவர். மற்றவர் கணக்கு மாஸ்டர் என்று நாங்கள் அழைத்தவர். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர், இங்கே ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பின்னேர வேலை. சனிக்கிழமை காலைகளில் ஒரு பள்ளிக்கூடம் இலவசமாகத் தந்த வகுப்பறையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். அவர் தமிழில் திருப்பிக் கேட்பார்.

என் கணவர் ஊரில் நீர்ப்பாசனப் பொறியியலாளர். இங்கே ஒரு அலுவலகத்தில் படவரைஞர். தன்னைவிட இருபது வயது குறைந்தவர் திருத்தித் தருகிற கோடுகளை மீண்டும் போடுகிற வேலை. அதைப் பற்றி அவர் முறைப்பட்டதில்லை. ஒரு முறை மட்டும், "ஒருக்காலாவது ஆக்கள் பாத்து, யோசிச்சு, இவர்தான் வேணுமெண்டு சொன்னால் காணும்," என்றார். தலைவர் பதவியில் அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் அது என்பது எனக்குத் தெரியும்.

நியூ லின் கூட்டத்தில் என் கணவர் வென்றார், நாலு கை வித்தியாசத்தில். கிளென்ஃபீல்டில் மாஸ்டர் வென்றார், அதைவிடக் கொஞ்சம் கூட. எல்லாம் கிளென் ஈடனில் வந்து நின்றது.

அப்போதுதான் கடைக்காரர் வந்தார். டெயரி என்று இங்கே சொல்கிற மூலைக்கடைகள் மூன்று வைத்திருந்தவர். ஃபிஜியில் பிறந்த தென்னிந்தியக் குடும்பம், இங்கே வந்து பல வருடம். அவருடைய தமிழ் எங்களுடையது போல இல்லை. ஆனால் எங்கள் எல்லோரையும்விட உற்சாகமாகப் பேசுவார்.

"அண்ணே, நீங்க படிச்சவரு. நீங்கதான் வரணும். வாத்தியார் நல்ல மனுசன், இல்லேன்னு சொல்லல. ஆனா சங்கம்னா நாலு பெரிய எடத்துல போய்ப் பேசணும்ல? செலவ நான் பாத்துக்கறேன்."

"செலவு என்ன இருக்கு?" என்றார் கணவர்.

"என்னண்ணே இப்படிக் கேக்கறீங்க! செலவில்லாம எலெக்சனா?"

அடுத்த ஞாயிறு பின்னேரம் அவர் தன் வீட்டுக்கு ஆறு வியாபாரிகளை அழைத்தார். எங்களையும் அழைத்தார். தேநீர், வடை. ஒவ்வொருவரும் போகும்போது ஒரு உறை வைத்துவிட்டுப் போனார்கள். என் கணவர் அவர்களுடன் கைகுலுக்கினார். யாரும் எதையும் கேட்கவில்லை. கடைக்காரர் மட்டும் எங்களைக் கார்வரை கொண்டுவந்து விடும்போது சொன்னார்:

"நியூ லின் கடைக்கு மேல ஒரு பெரிய ரூம் சும்மா கெடக்கு அண்ணே. சங்கம் வாடகைக்கு எடுத்துக்கிட்டா கிளாஸ், கூட்டம் எல்லாம் அங்கயே வெச்சுக்கலாம். அத அப்புறம் பேசிக்கலாம்."

"ஓம், பிறகு கதைப்பம்," என்றார் கணவர்.

இருவரும் சொன்ன இதை அன்றே எழுதி வைத்தேன். பள்ளிக்கூட அறைக்கு வாடகை இல்லை. மேல்மாடி அறைக்கு உண்டு. வாடகை வந்தால் சந்தா கூடும். புதிதாக வந்த குடும்பங்கள் சில அந்தச் சந்தாவைக் கட்டமாட்டா. அவர்களின் பிள்ளைகள் வகுப்புக்கு வருவது நிற்கும். இதைக் காரில் சொன்னேன். "இப்பவே ஏன் அதை?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வியா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வீடு வந்துவிட்டது.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். கிளென் ஈடன் மண்டபத்துக்குப் பதினொன்றரைக்குப் போனோம். வழமையாக எங்கள் கூட்டங்களுக்கு ஒவ்வொரு வீடும் ஒரு கறி கொண்டுவரும். சோறு சங்கச் செலவு. அன்று அந்த உறைக் காசில் கடைக்காரர் சமையற்காரர் ஒருவரை ஒழுங்கு செய்திருந்தார். நீள மேசையில் வெள்ளைத் துணி, மூடி போட்ட பாத்திரங்கள், கீழே சிறு அடுப்புகள். வாசலில் என் கணவரின் படம் போட்ட வழவழப்பான துண்டுத்தாள்கள். படத்தில் அவர் ஒரு வங்கியின் முகாமையாளர் போல இருந்தார்.

மாஸ்டரின் மனைவி வழமைப்படி கத்தரிக்காய்க் குழம்பும் இடியப்பமும் கொண்டுவந்திருந்தார். மேசையில் வைக்க இடம் இல்லை. சமையற்காரர் பணிவாக அதை வாங்கி மேசைக்குக் கீழே வைத்தார். அங்கேயே இருந்தது.

முதலில் சாப்பாடு என்று கடைக்காரர் அறிவித்தார். எங்கள் வழக்கத்தில் கூட்டம் முடிந்த பிறகுதான் சாப்பாடு. "பசியோட என்ன ஓட்டு? மொதல்ல வயிறு, அப்புறம் வாயி!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாப்பாடு நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. கடைசியில் பாயாசம் வந்தபோது கடைக்காரர் ஒலிவாங்கியை எடுத்து, விருந்துக்குக் கொடுத்தவர்களின் பெயர்களைக் கல்யாண வீட்டில் மொய் வாசிப்பதுபோல ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். அது முடியப் பதினெட்டு நிமிடம் சென்றது. மண்டபத்தை இரண்டரைக்கு ஒப்படைக்கவேண்டியிருந்ததால் வேட்பாளர்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசினால் போதும் என்று முடிவாயிற்று. என் கணவர் இரண்டு கிழமையாக எழுதித் திருத்திய பேச்சு ஐந்து பக்கம். முதல் பக்கத்தை மட்டும் வாசித்தார். மாஸ்டர் ஒன்றரை நிமிடம் பேசினார். அதில் பாதி சமையற்காரருக்கு நன்றி.

பிறகு கை உயர்த்தல். சீட்டில் எழுதிப் போடுவது எங்களிடம் இருக்கவில்லை. தெரிந்த ஆட்களுக்குள் ஒளித்து வாக்குப் போடுவது ஒருவரை ஒருவர் நம்பாதது மாதிரி என்று எண்ணினோம். செயலாளர் என்ற முறையில் நான் முன்னால் நின்று, என் கணவருக்கு ஆதரவானவர்கள் கையை உயர்த்தலாம் என்றேன்.

முன்வரிசையில் கடைக்காரரும் ஆறு வியாபாரிகளும். அவர்கள் திரும்பி மண்டபத்தைப் பார்த்தார்கள். கைகள் எழுந்தன. நான் இடப்பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். மூன்றாவது வரிசையில் மாஸ்டர் இருந்தார். மடியில் பாயாசக் கிண்ணம். அவர் ஒரு கணம் கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு முன்வரிசையைப் பார்த்தார், பிறகு தன் வலக்கையை உயர்த்தினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள், அவருக்காகவே வந்தவர்கள், அவரைப் பார்த்துவிட்டுத் தாங்களும் உயர்த்தினார்கள். நான் எண்ணுவதை நிறுத்தினேன். எண்ணத் தேவை இருக்கவில்லை.

குறிப்பேட்டில் "ஏகமனதாக" என்று எழுதினேன். அது உண்மை. அந்தச் சொல்லை எழுதி முடித்த பிறகு பேனையை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

கை கழுவுகிற இடத்தில் மாஸ்டரைக் கண்டேன்.

"மாஸ்டர், நீங்களே ஏன் கை தூக்கினனீங்கள்?"

"பின்னை என்ன தங்கச்சி செய்யிறது? அந்தாள் முன்னாலை இருந்து பாக்குது. அவற்றை சாப்பாட்டைச் சாப்பிட்டிட்டுக் கையைக் கீழை வைச்சிருக்க ஏலுமே? பாயாசம் வேறை ரெண்டாந்தரமும் வாங்கிப்போட்டன்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கோபம் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, மேசைக்குக் கீழே இருந்த தங்கள் பாத்திரங்களைத் தூக்கப் போனார்.

வெளியே கடைக்காரர் என் கணவரைக் கட்டிப்பிடித்து நின்றார். "தலைவரே! நாளைக்கே சாவி தர்றேன். எப்ப வேணா வந்து ரூமப் பாருங்க. அக்கா, நீங்களும் வாங்க."

நியூ லின் வழியாக வீட்டுக்குத் திரும்பினோம். ரயில் கடவையில் தடுப்பு விழுந்திருந்தது. ரயில் போகும்வரை இயந்திரத்தை நிறுத்திவிட்டு இருந்தோம்.

"மாஸ்டரும் தூக்கினவர்," என்றார்.

"ஓம். கண்டனான்."

"எதிராளியும் எனக்குத்தான் போட்டவர். இதைவிடப் பெரிய வெற்றி ஒருத்தருக்கும் வராது." ரயில் போனது. தடுப்பு உயர்ந்தது. பின்னால் ஒருவர் ஒலி எழுப்பியும் அவர் காரை எடுக்கவில்லை. "எனக்கெண்டு ஒரு கையும் எழும்பேல்லை எண்டது உமக்கு விளங்குதே?"

விளங்குகிறது என்றேன். வீட்டுக்கு வந்து உடுப்புகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தேன். இரவுச் சாப்பாடு பாணும் முட்டையும். ஒன்பதரைக்குப் படுத்தோம்.

மறுநாள், ஞாயிறு, ஆறரைக்கு எழுந்து வந்தபோது அவர் தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றார். முகம் கழுவியிருக்கவில்லை. கடைக்காரர் பத்திரிகைகளை அடுக்க ஆறு மணிக்கே கடையைத் திறந்துவிடுவார் என்பது அவருக்குத் தெரியும். எண்ணைச் சுழற்றினார்.

"தம்பி, அந்த அறை விஷயம். உறுப்பினரைக் கேளாமல் நான் கையெழுத்து வைக்க ஏலாது."

மறுபக்கத்துச் சிரிப்பு எனக்கு எட்டடி தூரத்திலும் கேட்டது. "கேளுங்க அண்ணே! தாராளமா கேளுங்க. அதுக்கும் ஒரு சாப்பாடு போட்டாப் போச்சு!"

அவர் ரிசீவரை மெல்ல வைத்தார். சுவரைப் பார்த்தபடி, "கூட்டம் ஒண்டு வைக்கவேணும். அறிவித்தலை எழுதும்," என்றார்.

நான் கேத்திலை வைப்பதற்கு முன் மேசையில் உட்கார்ந்தேன். வெள்ளைத் தாளில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, சங்கத்துக்கு வாடகை அறை வேண்டுமா என்பதை உறுப்பினர் முடிவு செய்வார்கள் என்று எழுதினேன். அதற்குக் கீழே, வாக்கைச் சீட்டில் எழுதி மடித்துப் போடவேண்டும் என்று எழுதினேன். அவர் என் தோளுக்கு மேலால் குனிந்து அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு பேனையை வாங்கி அதன் கீழே கையெழுத்து வைத்தார்.