சக்கரத்துக்குப் பூக் கேட்டது

புதுவயலில் எங்கள் அய்யா எஞ்சின் டிரைவராக இருந்தார். பெற்ற தகப்பனைத்தான் நாங்கள் அய்யா என்போம். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் கழுத்து கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. அரிசி மில் என்பதே அப்போது அந்தப் பக்கத்துக்குப் புதுசு. செட்டியார் ஒருவர் பர்மாவில் சம்பாதித்ததைக் கொண்டுவந்து மில் போட்டிருந்தார். அவித்த நெல்லைக் களத்தில் காயப்போடப் பெண்கள் இருந்தார்கள், மூட்டை தூக்க ஆட்கள் இருந்தார்கள். எஞ்சினைக் கிளப்பத் தெரிந்தவர் எங்கள் அய்யா ஒருவர்தான். அவர் கிளப்பினால்தான் பெல்ட் ஓடும், பெல்ட் ஓடினால்தான் மற்ற அத்தனை பேருக்கும் வேலை. தெருவில் அவர் வருவதற்கு முன்னால் எண்ணெய் வாடை வரும். எனக்கு அது சந்தன வாடை மாதிரி.

எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு பெரிய இரும்புச் சக்கரம் உண்டு, அய்யா உயரத்துக்கு. எஞ்சின் திக்காமல் ஒரே சீராக ஓடுவது அந்தச் சக்கரத்தின் கனத்தால்தான் என்பார். எனக்கு ஏழு வயசு நடக்கையில், மார்கழிக் கடைசியில், அதில் விரிசல் கண்டது. காலையில் கிளப்புவதற்கு முன் அய்யா துணியால் துடைத்துக்கொண்டு வந்தபோது நூல் ஒன்று சிக்கியதாம். சிக்கின இடத்தில் மயிர் கனத்துக்கு ஒரு கோடு. நடுக் குடத்தில் தொடங்கி, ஓர் ஆரக்கால் வழியாக விளிம்பு வரைக்கும் போயிருந்தது. அய்யா அன்றைக்கு எஞ்சினைக் கிளப்பவே இல்லை. வெயில் ஏறியும் மில் சத்தம் கேட்காமல் ஊரே திரும்பிப் பார்த்தது.

செட்டியார் வந்தார். "விரிசலப் பத்தவச்சு ஓட்ட முடியாதாப்பா?" என்று கேட்டார்.

"முடியாது முதலாளி. புதுச் சக்கரம் போட்டாத்தேன் உண்டு."

"பட்டணத்துக்கு எழுதி, அவுக வார்த்து, ரயிலேத்தி வந்துசேர மாசி பொறந்துரும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்குற சனத்துக்குக் குன்றக்குடியில சோறு போடுறது எங்க பாட்டன் காலத்துக் கட்டளை. கடையரிசி எங்க ஒலையில விழுந்ததில்லப்பா."

மறுநாள் செட்டியார் வண்டிப் பட்டறை ஆசாரியை அழைத்துவந்தார். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இரும்பு வளையத்தைச் செக்கச்சிவக்கக் காய்ச்சிச் சக்கரத்தின் மேல் மாட்டித் தண்ணீரை ஊற்றுவார். ஆறும்போது அது சுருங்கி, பிளந்த கட்டையையும் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதையே இதற்கும் செய்யலாம் என்றார்.

"ஆசாரி, மரம் இறுக்குனா வளைஞ்சு குடுக்கும். இது வார்ப்பு. இதுக்கு வளையத் தெரியாது, ஒடையத்தேன் தெரியும்" என்றார் அய்யா. "அதோட உங்க வண்டி மாடு நடக்குற வேகத்துல போகுது."

"அப்ப எஞ்சின்ல ரெண்டு மாட்டப் பூட்டிருங்க டிரைவரே. சீமையில பொறந்த சக்கரத்துக்கு நம்மூரு இரும்பு ஒட்டாதாக்கும்?"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அய்யா சிரிக்கவில்லை. எனக்கு ஆசாரி மேல் கோபம் கோபமாக வந்தது.

இப்படியே இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் செட்டியார், "நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். முருகன்ட்டப் பூக் கேட்டுருவோம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும், மனசு இரண்டாக நின்றால் பூக் கேட்பது வழக்கம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், இலையில் மடித்துச் சாமி காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத பிள்ளை ஒன்று எடுக்க வேண்டும். எடுத்ததுதான் தீர்ப்பு, அதற்கு மேல் பேச்சில்லை. ஆத்தாளைக் கட்டுவதற்கே அய்யா பூக் கேட்டுத்தான் கட்டினார். அவர் எப்படி மாட்டேன் என்பார்?

குன்றக்குடி மலையில் ஏறினோம். செட்டியார், அய்யா, ஆத்தா, நான். சிவப்பு வந்தால் பட்டா, வெள்ளை வந்தால் புதுச் சக்கரம் என்று பேச்சு. குருக்கள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரளியையும் நந்தியாவட்டையையும் மடித்து, வாழைநாரால் கட்டி வைத்தார்.

"ஏதாச்சும் ஒன்ன எடு தாயி" என்றார் செட்டியார்.

ஒன்று குண்டாக இருந்தது, ஒன்று ஒல்லியாக இருந்தது. நான் குண்டானதை எடுத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. பிரித்தபோது செவ்வரளி.

செட்டியார் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ராசியான கையி" என்று சொல்லி மடி நிறையக் கல்கண்டு கொடுத்தார். அய்யா விபூதி பூசிக்கொண்டார்.

படி இறங்கும்போது செட்டியார் முன்னால் போகட்டும் என்று பார்த்திருந்து ஆத்தா மெல்லச் சொன்னாள்: "பச்சப்புள்ள எடுத்த பூவுக்காக நீக அந்தச் சக்கரத்துக்கிட்டப் போயி நிக்கணுமா? வேற மில்லே இல்லாமப் போச்சா?"

"சாமிட்டக் கேட்டுப்புட்டு, சொன்னது பிடிக்கலன்னு ஓடவா சொல்ற?"

அவர்கள் பேசினது எனக்கு முக்கியமாகப் படவில்லை. ஊருக்கு வந்ததும் வீடு வீடாகப் போய், மில் ஓடப்போவது என் கையால்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆசாரி பட்டா போட்டார். திருவிழாப் பார்ப்பது மாதிரி சனம் கூடிப் பார்த்தது. எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் அய்யா ஒன்றே ஒன்று கேட்டார்: எண்ணெய் விடுகிற இரண்டு பேரும் ஓடும்போது உள்ளே வரக்கூடாது. "உள்ள ஒருத்தன் போதும் முதலாளி" என்றார். மெதுவாகத்தான் ஓட்டினார். கட்டளைக்கு வேண்டிய அரிசி ஏழாம் நாளே வண்டியேறிக் குன்றக்குடிக்குப் போய்விட்டது. ஆனால் களத்தில் இன்னும் நெல் கிடந்தது. ஓடுகிற சக்கரத்தை நிறுத்து என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஒன்பதாம் நாள் காலையில், பாறைக்கு வெடி வைத்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு சக்கரத்தில் பாதி களத்தில் வந்து விழுந்தது. அந்த நேரம் பெண்கள் நிழலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்ததால் களத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அய்யாவைப் பாயில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். முகத்தை மட்டும் காட்டினார்கள்.

துக்க வீட்டுக்கு அய்யாவின் அக்கா கீழச்சிவல்பட்டியிலிருந்து வந்தாள், எனக்கு அத்தை. மாரில் அடித்துக்கொண்டு அழுதவள், பூக் கேட்ட கதையை யாரோ சொல்லக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"எந்தக் கையிடி அந்தச் செவப்பு அரளிய எடுத்தது? அந்தக் கை வெளங்குமா?"

ஆத்தா தலை நிமிராமல் சொன்னாள்: "ஏங் கைதேன் மதினி. புள்ள பயந்துக்கிட்டு எடுக்கல."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "இல்ல அத்த, நாந்தேன் எடுத்தேன்! குண்டா இருந்த பொட்டலம்! ஆத்தா பொய் சொல்றா!" என்றேன்.

அதுவரை என்னைத் தொட்டு அடித்தறியாத ஆத்தா, அத்தனை பேர் நடுவில் என் கன்னத்தில் அறைந்தாள். "புள்ள வெவரமில்லாம ஒளறுது" என்றாள்.

நான் வாசலுக்கு ஓடினேன். பந்தலடியில் செட்டியார் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரியும், கல்கண்டு கொடுத்தவரே அவர்தானே. "நீக சொல்லுங்க, யாரு எடுத்தது?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், உள்ளே ஆத்தாளைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "ஒங்க ஆத்தாதேன் எடுத்துச்சு தாயி" என்றார்.

பெரியவர்கள் சேர்ந்துகொண்டு என் ராசியைப் பிடுங்கி ஆத்தாளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அய்யா செத்ததற்கு அழுததைவிட அதற்குத்தான் அன்றைக்கு அதிகம் அழுதேன்.

அத்தை அதற்குப் பிறகு எங்களோடு எட்டு வருஷம் இருந்தாள். ஒரு நாள்கூட ஆத்தா கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. ஆத்தா சொம்பை நீட்டுவாள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைக் கூப்பிடுவாள். நான் போய் ஆத்தா கையிலிருந்து சொம்பை வாங்கி அத்தையிடம் கொடுப்பேன். பொய் சொன்னவளுக்கு இது வேண்டியதுதான் என்று எண்ணிக்கொள்வேன்.