தண்ணீர் இல்லை

இது கட்டுக்கதை என்பவர்கள் எங்கள் மலையூர் நாரினுக்கு வந்து என் வீட்டு முற்றத்தைப் பார்க்கலாம். லாரி அங்கேதான் நிற்கிறது. மாலை ஐந்து மணிக்கு முன்னால் வந்துவிட்டுப் போய்விடுங்கள். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. போன நவம்பர் பத்தொன்பது வரை கிடையாது.

கணவாய் பனியில் மூடுவதற்குள் அந்தப் பக்கமிருந்து காய்ந்த புல் ஏற்றி வர வேண்டும். இல்லாவிட்டால் என் அறுபது ஆடுகளும் பட்டினி. என்னிடமோ வண்டி இல்லை. பக்கத்து ஊர் சாய்ரா அக்காவின் கொட்டகையில் ஒரு பழைய சோவியத் லாரி ஒன்பது வருடமாகச் சும்மா கிடந்தது.

"வீட்டுக்காரர் போனப்புறம் யாரும் தொடல தம்பி."

மதியம் 12.20. ரேடியேட்டருக்குக் கீழே தரையில் பனிக்கட்டி. நேற்று உறைந்தது மாதிரிப் பளபளத்தது. மேலிருந்து ஒழுகியிருக்கும் என்று நினைத்து நிமிர்ந்தேன். கூரையில் ஓட்டை இல்லை.

கொண்டுபோன பேட்டரியை மாட்டி, பெட்ரோலும், ரேடியேட்டருக்கு வெந்நீரும் ஊற்றினேன். மூன்றாவது முறையே கிளம்பிவிட்டது. அட, ஒன்பது வருடம் கிடந்த வண்டியா இது!

"நிறுத்தினா தண்ணிய இறக்கிடணும். உறைஞ்சா இஞ்சின் வெடிச்சிடும்."

"இருபது வருஷமா ஓட்டுறேன்க்கா. எனக்கே பாடமா?"

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் உறுத்தியது. இஞ்சினை அணைக்காமல் உள்ளே போய் டீக்கு உட்கார்ந்தேன். வாங்கலாமா, வேண்டாமா?

4.55. இஞ்சின் தானாக நின்றது.

கிளிங்... இரும்பு மூடி திறக்கும் சத்தம்.

பிறகு... சளசளவென்று தண்ணீர்.

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவள் எழுந்திருக்கவில்லை.

ஓடினேன். ஒரே ஆவி. ரேடியேட்டருக்கு அடியில் தண்ணீர் இறக்கும் குழாய் திறந்திருந்தது. பனியில் என் காலடி மட்டும்.

ஸ்டியரிங்கில் ஓர் அட்டை தொங்கியது. ஓரம் கருகிய அட்டை.

'தண்ணீர் இல்லை.'

தண்ணீரை இறக்கியதும், யாரும் மறந்து கிளப்பிவிடாமலிருக்க டிரைவர்கள் மாட்டுவதுதான். ஆனால்... மதியம் அது அங்கே இல்லை.

வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். மனைவி அனார் விடவில்லை. "பேயா? நம்ம ஆடு பேயைத் தின்னுமா? போய் வாங்கிட்டு வாய்யா!"

வாங்கினேன். நான்காம் நாள் புல் வந்து சேர்ந்தது.

இறக்க உதவிக்கு வந்தவர் எசென் அண்ணன், பழைய டிரைவர். அட்டையைப் பார்த்ததும் கையிலிருந்த புல்கட்டைக் கீழே போட்டார்.

"இது எங்கடா கிடைச்சுது?"

"வண்டியில."

"சாய்ரா வீட்டுக்காரன் கணவாயில விறைச்சுக் கிடந்தான். நான்தான் முதல்ல பார்த்தேன். இஞ்சினைக் காப்பாத்தத் தண்ணிய இறக்கியிருக்கான். ஒரு கை குழாயோட ஒட்டிக்கிட்டு... இன்னொரு கையில இந்த அட்டை. மாட்டக்கூட முடியல அவனால."

"அப்புறம்?"

"விரலைப் பிரிக்கத் தீ மூட்டினேன். இந்த அட்டையைத்தான் முதல்ல கொளுத்தினேன். என் கண்ணு முன்னால சாம்பலாச்சுடா..."

மணி பார்த்தேன். 4.54.

முற்றத்தில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.