எனக்கு முன்னால் வீடு சேர்ந்தவன்

இதைச் சொல்லி முடித்ததும் நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் மற்றவர்களை அப்படித்தான் பார்த்தவன். இருபது வருடமாக மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன். ஒரு மெஷின் நின்றால் ஒயர் போயிருக்கும், இல்லை பேரிங் தேய்ந்திருக்கும், தேடினால் காரணம் கிடைத்துவிடும். பேய், காத்து கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். நம்பினால் நம்புங்கள், இன்றைக்கும் எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும்தான் காரணம் கிடைக்கவில்லை.

எங்களுக்கு ராயக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம், தக்காளி போடுகிற குடும்பம். அப்பாவும் தம்பி முருகேசனும் நிலத்தைப் பார்த்துக்கொண்டார்கள், நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தேன். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கும் அப்பாவுக்கும் சண்டை வந்தது. எதற்கு என்று சொன்னால் சிரிப்பீர்கள், மோட்டார் ஷெட் சாவிக்கு. பேச்சு முற்றி நான் அவரைத் தள்ளிவிட்டேன். தண்ணீர்த் தொட்டி விளிம்பில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்துபோனது. ஓடி வந்தவர்களிடம் அவரே, "பாசியில வழுக்கிட்டேன்" என்றார். நானும் ஆமாம் என்று நின்றேன்.

அதற்குப் பிறகு அவர் காலை இழுத்து இழுத்து நடப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. டெல்லிக்குப் பக்கத்தில் ஒரு வேலை தேடிக்கொண்டு போனேன், பொங்கலுக்குக்கூட வரவில்லை. கிழவரைத் தன் தலையில் கட்டிவிட்டு ஓடிவிட்டேன் என்று தம்பிக்குக் கோபம். நான் ஓடினதற்கு உண்மையான காரணம் அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

போன வருடம் மழைக்காலத்தில் முருகேசன் போன் செய்தான். "அப்பாவுக்கு முடியலண்ணா. ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கூட்டினு போகச் சொல்லிட்டாங்க. உன்னைத்தான் கேக்கறாரு. வரதுன்னா இன்னைக்கே வா, இல்லன்னா எப்பவுமே வராதே."

கிடைத்த விமானத்தில் ஏறினேன், அதுவும் தாமதம். பெங்களூரில் இறங்கும்போது பதினொன்று தாண்டிவிட்டது. ஓசூர் பஸ் போயிருந்தது. அந்த ஏர்போர்ட் நகரத்துக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊரோ இந்தக் கோடி, நடுவில் மொத்த பெங்களூரும் கிடக்கிறது. டாக்சி கவுன்டரில் ரசீது போட்டு ஏறினேன். டிரைவர் மாலூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும், கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். விஷயத்தைச் சொன்னதும், "கவலைப்படாதீங்க சார், மூணு மணிக்குள்ள விட்டுடறேன்" என்றார்.

ஹெப்பாள் தாண்டும்போது முருகேசன் கூப்பிட்டான். "எங்க இருக்க? மூச்சு வாங்குது அவருக்கு." வந்துகொண்டே இருக்கிறேன் என்றேன். ஓசூர் ரோட்டில் சந்தாபுராவுக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே கவிழ்ந்து, ரோடு மொத்தமாக நின்றிருந்தது. முன்னால் சிவப்பு விளக்கு, பின்னால் மஞ்சள் விளக்கு, திரும்பக்கூட இடமில்லை. டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கிரேன் வரணுமாம் சார்" என்றார். அப்போது மணி ஒன்று.

ஒன்றே காலுக்கு நான் முருகேசனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும், மறுபடியும், ஏழெட்டு தடவை. அவன் மனைவி மஞ்சுளாவும் எடுக்கவில்லை. அதோடு என் போனில் சார்ஜும் தீர்ந்தது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நினைத்தேன். காரிலேயே உட்கார்ந்து, அப்பாவிடம் என்னவெல்லாம் சொல்ல நினைத்திருந்தேனோ அதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேன். தள்ளினது நான்தான், மன்னிச்சிடுப்பா என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ரேடியோவை மட்டும் நிறுத்தினார். தூங்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம்கூடக் கண் மூடவில்லை.

வழி விடும்போது மூன்று. அத்திப்பள்ளி, ஓசூர், கெலமங்கலம் எல்லாம் தாண்டி வீட்டு முன்னால் இறங்கும்போது நாலரை. வாசலில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். முருகேசன் ஓடி வந்து என் தோளைப் பிடித்தான்.

"எங்கண்ணா போயிட்ட? ரெண்டு மணியில இருந்து உன்னைத் தேடறோம், போனும் போகல. நீ வெளிய போன கொஞ்ச நேரத்துலயே அடங்கிட்டாரு."

"நான் இப்பதான்டா வரேன்."

அவன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். ஆறு வருடமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவன். "பரவால்லண்ணா. வந்து அவர்கிட்ட சொல்லிட்ட பாரு, அது போதும்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்கு விளங்கியது. ஒன்றே கால் மணிக்கு நான் வந்தேனாம். கார் சத்தம் கேட்கவில்லை, மெயின் ரோட்டில் இறங்கி நடந்து வந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்களாம். குழாயடியில் கால் கழுவினேனாம். பை எங்கே என்று மஞ்சுளா கேட்டதற்கு வண்டியில் இருக்கிறது என்றேனாம். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும், "நீ வழுக்கி விழல, நான்தான் தள்ளினேன், மன்னிச்சிடுப்பா" என்று அழுதேனாம். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதை ஏண்டா இன்னும் தூக்கினு திரியற" என்று சொன்னாராம். அதுதான் அவர் பேசின கடைசிப் பேச்சு.

போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். "நீதான் உள்ள உக்காந்திருக்கியே, வேற யாருன்னு போய் எடுக்கறது" என்றான் முருகேசன்.

டாக்சி ரசீதைக் காட்டினேன். அவன் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "அந்த நேரத்துல உனக்கு என்னா நெனைவு இருந்திருக்கும், விடுண்ணா."

நீங்கள் சொல்லப்போவதை நானே யோசித்துவிட்டேன். அப்பா சாகிறதுக்கு முன்னால் அவர்களிடம் உண்மையைச் சொல்லியிருப்பார், என் மனசு ஆறட்டும் என்று குடும்பமாகச் சேர்ந்து இப்படி ஒரு கதை கட்டியிருப்பார்கள். சரி. ஆனால் முருகேசன் அப்படி ஜோடிக்கிறவன் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் பார்த்ததாகச் சொல்கிறார்கள். சுடுகாட்டில் ஒரு பெரியவர் என் முதுகில் தட்டி, "ஆம்பளைடா நீ, நாலு பேர் முன்னால ஒத்துக்கின" என்றார். எனக்கு அவர் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

தம்பி இப்போது வாரம் ஒருமுறை போன் செய்கிறான். அவன் பிள்ளைகள் பெரியப்பா என்று உருகுகிறார்கள். அந்த அன்பு எதுவும் எனக்கு உரியது இல்லை. அப்பா கடைசியில் பிடித்தது என் கையை இல்லை. அவர் மன்னித்தது யாரை என்றே எனக்குத் தெரியாது. நான் சந்தாபுராவில் ஒரு காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

இதைக்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ளலாம். கருமாதி முடிந்து நான் கிளம்புகிற அன்றைக்கு மஞ்சுளா தனியாக வந்து ஒன்று சொன்னாள், அதுதான் இன்றைக்கும் தூங்க விடுவதில்லை.

"அன்னைக்கு வெளிய போகச்சே என்கிட்ட ஒண்ணு சொன்னீங்களே மாமா, அது யாரைன்னு கேக்கணும்னே இருந்தேன்."

"என்னம்மா சொன்னேன்?"

"பின்னாடி ஒருத்தன் வருவான், அவனைத் திட்டாதீங்கன்னு சொன்னீங்க."