தாய்மாமன் தட்டின் மறுமுனை

"நீயெல்லாம் ஒரு அம்மாவா? பெத்த புள்ளைய இப்படி அழ வைக்கிறியே, வெளங்குவியா நீ?"

அக்கா திட்டியது என்னை அல்ல. நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த அத்தானையும் அல்ல. தொலைக்காட்சிக்குள் நின்ற ஒரு தாய்லாந்துப் பணக்காரியை. அந்த அம்மாள் தன் மகனையும் அவன் காதலிக்கிற பையனையும் பிரிக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். அக்கா சோபா நுனிக்கு வந்துவிட்டாள். தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கிடைத்தால் அந்த அம்மாளின் கொண்டையைப் பிடித்து இழுத்துவிடுவதுபோல் பார்த்தாள்.

பிஎல் என்று சொல்கிறார்கள். இரண்டு பையன்கள் காதலிக்கிற தொடர்கள். தாய்லாந்து, கொரியா, ஜப்பான், தைவான் என்று வந்துகொண்டே இருக்கின்றன. அக்காவுக்கு இதைப் பழக்கிவிட்டது அவள் மகள். மகள் கைப்பேசியில் பார்த்தாள். எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை, பெரிதாகப் போடு என்றாள் அக்கா. ஆறாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டுவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவள். இன்று திரைக்கு அடியில் ஓடுகிற மலாய் எழுத்தை ஒரு சொல் விடாமல் படிக்கிறாள். இந்தப் பையன்கள் அவளுக்கு முதியோர் கல்வி நடத்திவிட்டார்கள்.

நான் அவள் தம்பி. வயது நாற்பத்தேழு. ஈப்போவில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறேன். தலைமுடி விடைபெற்றுப் பல காலம் ஆகிறது. போன நஷ்டத்தை வயிறு வட்டியோடு ஈடுகட்டிவிட்டது. பதினொரு வருடமாக ஒருவனோடு வாழ்கிறேன். அவனுக்கு ஐம்பது. கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். சொந்தக்காரர்களிடம் அக்கா சொல்வது: "தம்பி வீட்ல ரூம் எடுத்துருக்காரு." எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு அறைகள். ஒன்றில் மிச்சம் விழுந்த பத்திரிகைப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கும். அவன் எந்த அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறான் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இரண்டில் ஒன்று போனால் ஒன்று என்பதுகூடத் தெரியாத குடும்பம்.

இதே அக்கா, சின்ன வயதில் தோட்டத்துத் திடலில் படம் போடும்போது, கதாநாயகன் கதாநாயகியின் பக்கத்தில் போனாலே தலையைக் குனிந்து மண்ணைக் கிளறுவாள். இப்போது அதையே ரிமோட்டால் பின்னுக்குத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள்.

"ஏழாவது எபிசோட்லதான் முத்தம்," என்று எனக்கு அட்டவணை சொல்வாள். "ஆனா முத்தம் பெருசில்லடா. அதுக்கு முன்ன, மழையில நனைஞ்சு வந்தவன் தலைய இவன் துவட்டி விடுவான் பாரு. அதான்லா."

அவள் சொல்வது சரிதான். ஊரறியச் சொல்ல முடியாத காதலுக்குக் கைதான் வாய். சட்டைக் காலரைச் சரிசெய்கிறான், குடையை மற்றவன் பக்கம் சாய்த்துவிட்டுத் தன் தோளை நனைத்துக்கொள்கிறான். 'உன்னைப் பிடிக்கும்' என்று சொல்லிவிட்டால் ஊர் கேட்டுவிடும். அதனால் தொட்டுச் சொல்கிறார்கள். முத்தம் வரும்போது அது புதுச் செய்தி இல்லை. ஏற்கெனவே நமக்குத் தெரிந்ததற்குப் போடுகிற கையெழுத்து.

அக்காவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. "இதுல யாரும் யாருக்கும் சோறாக்கிப் போடல, கவனிச்சியா? ரெண்டு பேரும் வெளிய போயி சாப்புடுறானுங்க. பொம்பளன்னு ஒருத்தி உள்ள வந்தா, நாலாவது எபிசோட்ல சட்டி கழுவ விட்ருவானுங்க." சொல்லிவிட்டு அத்தானை ஒரு பார்வை பார்த்தாள். அத்தான் குறட்டையால் பதில் சொன்னார். முப்பது வருடத்தில் அவள் தலையை ஒருவரும் துவட்டிவிட்டதில்லை என்பது அந்தப் பார்வையில் இருந்தது. அதற்காக நான் அவளைப் பாவம் என்று நினைத்தேன். அன்று மதியம் மூன்று மணிவரை நினைத்தேன்.

மூன்று மணிக்கு, அந்தப் பையன் மழையில் நின்று அழும்போது, அக்கா படத்தை நிறுத்தினாள்.

"தம்பி, கல்யாணத்துல தட்டு நீதான தூக்கணும்."

அவள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் தட்டு எங்கள் குடும்பத்தில் தோட்டத்துக் காலத்திலிருந்து வருகிற வழக்கம். பெரிய பித்தளைத் தட்டில் பட்டுச்சேலை, தேங்காய், பழம், மாலை எல்லாம் வைத்து, ஒரு முனையை மாமனும் மறுமுனையை மாமியும் பிடித்து மேடைக்குக் கொண்டுபோய் மணப்பெண்ணிடம் கொடுக்க வேண்டும்.

"நான்தான். ஒனக்கு வேற தம்பி இருக்கானா?"

"ஜோடியாத்தான தூக்கணும். அத்தானோட சின்னம்மா மக இருக்குல்ல? அவ புருசன் சிங்கப்பூர்ல. அவள நிக்கச் சொல்லியிருக்கேன். அஞ்சு நிமிசம்லா."

"எனக்குப் பொண்டாட்டிய இரவல் வாங்கிட்டியா?"

"சும்மா கேலி பண்ணாத."

"அவன்?"

"அந்தத் தம்பியும் வரட்டும். வர வேணாம்னு நான் சொன்னேனா? பின்னாடி ஃபேன் பக்கமா உக்காந்து, நல்லா சாப்புட்டுப் போகட்டும். மேடைப் பக்கம் மட்டும்…" அவள் ரிமோட்டைப் பார்த்துப் பேசினாள். "மாப்புள்ள வீட்டுக்காரங்க தெலுக் இந்தான்லேர்ந்து வாராங்க. மாலுலா, தம்பி."

மாலு. வெட்கத்தையும் மானத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி நம் தலையில் வைக்கிற மலாய்ச் சொல்.

நான் திரையைக் காட்டினேன். மழையில் நின்ற பையன் வாயைத் திறந்தபடி உறைந்திருந்தான். "இவ்ளோ நேரம் அந்த அம்மாவ கிழிச்சியே. ஒனக்கும் அவளுக்கும் என்னா வித்தியாசம்?"

அக்காவின் முகம் நிஜமாகவே வாடிவிட்டது. "அவ கெட்டவடா. நான் ஒனக்குக் கெடுதலா செய்யிறேன்?"

படத்தை மறுபடி ஓடவிட்டாள். விட்ட இடத்திலிருந்து அழவும் ஆரம்பித்தாள்.

காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினேன். எங்களைப் போன்றவர்களைச் சிறையில் தள்ளவென்றே இந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. ரப்பர் நட்ட அதே வெள்ளைக்காரன் நட்டுவிட்டுப் போனது. அக்கா பால் வெட்டிய மரங்களையெல்லாம் வேரோடு பிடுங்கி வீடு கட்டிவிட்டார்கள்; அதில் ஒரு வீட்டில் அவளும் குடியிருக்கிறாள். அந்தப் பிரிவை மட்டும் ஒருவரும் பிடுங்கவில்லை. ஆனால் சட்டத்தின்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. சட்டம் எனக்காக அழுததில்லை. அக்கா அழுகிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற, தமிழ் தெரியாத, இருபத்திரண்டு வயதான, தொப்பை இல்லாத இரண்டு பேருக்காக உருகி உருகி அழுகிறாள். அவர்கள் யாருடைய தாய்மாமனும் இல்லையே!

அன்று மாலை மணப்பெண்ணே அழைத்தாள்.

"மாமா, ப்ளீஸ்லா. ஒரு நாளுதான. அம்மா பிரஷர் ஏறிக் கெடக்கு."

"ஏண்டி, அந்த நடிகனுங்க ரெண்டு பேரும் நெசமாவே ஜோடின்னு நெட்ல ஊர் பேர் தெரியாதவங்ககூட எல்லாம் சண்ட போட்டவதான நீ?"

"அது வேற மாமா. அது கதை."

அவள் கைப்பேசி உறையில் அந்த இரண்டு பையன்களும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டிருப்பார்கள். அதைக் காதில் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்லியிருப்பாள். கிழவிகள் சொன்னால் காலம் அப்படி என்று விடலாம். இவளுக்கு இருபத்தாறு வயது.

அவள் பத்திரிகையையும் நான்தான் வடிவமைத்தேன். எல்லா உறவுக்கும் இரண்டிரண்டு பெயர் வந்தது. தாய்மாமன் வரியில் ஒரு பெயர். பக்கத்தில் வெள்ளையாக ஓர் இடம். கண்ணை உறுத்தியதால் அங்கே ஒரு மயிலை வைத்து அடைத்தேன். மயில் நன்றாக இருக்கிறதென்று ஆளுக்கு ஆள் பாராட்டினார்கள்.

அவனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் என் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தான். என் கைக்கும் கால் நகத்துக்கும் இடையில் வயிறு வந்து உட்கார்ந்த நாள் முதல் அது அவன் வேலை. பின்னணி இசை கிடையாது. தைல வாசனையும், கட்டைவிரலைப் பிடிக்கும்போது அவன் விடுகிற பெருமூச்சும் உண்டு. எங்கள் தொடரை எடுத்தால் எந்த ஊரிலும் ஓடாது.

"சரி, பின்னாடியே உக்காந்துக்கறேன்," என்றான். "பந்திக்குப் பக்கம்தான? மொத எல நமக்குத்தான்."

அவன் சிரித்தான். எனக்கு ஆத்திரம் பொங்கி, காலை வெடுக்கென்று இழுத்தேன். நகவெட்டி சதையைப் பிடித்துவிட்டது. ஊர்மேல் வந்த கோபத்துக்கும் ரத்தம் சிந்தியது என் கட்டைவிரல்தான்.

கல்யாணம் லகாட் பக்கத்தில் ஒரு கோயில் மண்டபத்தில். அவன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தான். இரவல் மனைவி மயில் கழுத்து நிறச் சேலையில் வந்தாள். நல்ல பெண். அவளும் என்ன செய்வாள், கூப்பிட்டார்கள், வந்துவிட்டாள்.

"என் புருசன் வாட்ஸாப்ல போட்டோவ பாத்தாருன்னா, சிங்கப்பூர்லேர்ந்து நடந்தே வந்துருவாரு," என்றாள்.

"என்னைப் பாத்தா பயப்பட மாட்டாரு. தைரியமா நில்லு."

அந்த வழியாகப் போன ஒரு கிழவி எங்கள் இருவர் தலையிலும் கை வைத்தாள். "ஜோடி நல்லாருக்கு. எத்தன புள்ளைங்க?"

"இன்னும் எண்ணிப் பாக்கல ஆயா," என்றாள் இரவல் மனைவி. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் அவன் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கிழவியின் கை என் தலைமேல் இருந்ததையும் பார்த்திருப்பான். அவன் முகத்தில் அன்று சிரிப்பு இல்லை.

"தாய்மாமன், மாமி, ரெண்டு பேரும் வாங்க," என்று குருக்கள் அழைத்தார்.

நான் ஒரு முனையைப் பிடித்தேன். அவள் மறுமுனையைப் பிடித்தாள். தட்டு எழும்பியது. நான் மட்டும் நகரவில்லை. பக்கத்தில் நின்ற அக்காவின் காதருகே குனிந்தேன்.

"அந்தப் பக்கம் புடிக்கிற ஆளு பின்னாடி உக்காந்துருக்கான். கூப்புடு."

"தம்பி, நல்ல நேரம் போவுது."

"கூப்புடு அக்கா. அந்தத் தாய்லாந்து அம்மா மாதிரி நிக்காத."

நாதஸ்வரச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்டது. கடைசி வரிசையைப் பார்த்தாள். முன்வரிசையில் இருந்த தெலுக் இந்தான்காரர்களைப் பார்த்தாள். மேடையைப் பார்த்தாள், அங்கே மணப்பெண் தன் கை மருதாணியைப் புதிதாகக் கண்டதுபோல் ஆராய்ந்துகொண்டிருந்தாள். பிறகு அக்கா கையை நீட்டி, இரவல் மனைவியின் விரல்களைத் தட்டிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டாள்.

ஏழாவது எபிசோட் வந்துவிட்டது என்றே நினைத்தேன். மடையன்.

"நீ தனியா தூக்கு," என்றாள்.

மாமன் தனியாகத் தட்டுத் தூக்கினால் ஆகாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். பெற்ற மகளுக்கு அந்த அபசகுனம் வந்தாலும் பரவாயில்லை, அவன் கை மட்டும் அதில் பட்டுவிடக் கூடாது. அப்படிப்பட்ட கை! அவளுக்குக் கண் அறுவை நடந்தபோது அதிகாலையில் மருத்துவமனைக்குக் காரோட்டிய கை. அதற்கு அவள் காபி கலக்கிக் கொடுப்பாள். தட்டைக் கொடுக்க மாட்டாள்.

தூக்கினேன். இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். மேடைக்கு ஏழெட்டு அடிதான். நடுவில் தட்டு சாய்ந்து ஒரு தேங்காய் உருண்டு, தெலுக் இந்தான் வரிசையில் யாருடைய காலடியிலோ போய் நின்றது. முன்வரிசை சிரித்தது. நானும் பழக்கதோஷத்தில் பல்லைக் காட்டினேன். ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது: அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாத ஒரு சொட்டைத் தலையன்.

அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமல் பந்தியில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்போதும் என் இலைக்கு மாற்றிவிடுகிற தன் அப்பளத்தை அவன் அன்று மாற்றவில்லை. காரில் ஏறி லகாட்டைத் தாண்டியபிறகுதான் வாயைத் திறந்தான்.

"அங்க நின்னு அக்காகிட்ட என்னா பேசுன?"

சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக வாய் திறந்தவன் அல்லவா.

அவன் காரை ஓரமாக நிறுத்தினான். அவ்வளவு கோபமாக நான் அவனைப் பார்த்ததே இல்லை.

"அக்காவ கேட்ட."

"ஆமா."

"மூணு தடவ. கூப்புடு, கூப்புடுன்னு."

"ரெண்டு தடவ."

"எண்ணாத. என்னைக் கேட்டியா? நான் அங்கதான இருந்தேன்? அக்கா கூப்புட்டாத்தான் நான் வரணுமா? அவங்க யாரு என்னைக் கூப்புட? நீ அங்கேர்ந்து திரும்பி, 'வாடா'ன்னு ஒத்த வார்த்த சொல்லியிருந்தா போதும். எந்திரிச்சு வந்துருப்பேன். அத்தன பேரு முன்னாடி வந்துருப்பேன். தட்டப் புடிச்ச பெறகு நீ என் பக்கம் திரும்பவே இல்ல."

அக்காவைத் திட்டவும் மருமகளைத் திட்டவும் சட்டத்தைத் திட்டவும் பக்கம் பக்கமாக வசனம் வைத்திருந்தேன். ஆனால் அந்தத் தட்டின் முன்னால் நின்று, வாழ்நாள் வீரத்தையெல்லாம் திரட்டி நான் செய்தது, அக்காவிடம் அனுமதி கேட்டது. நாற்பத்தேழு வயதில், பள்ளிப் பையன் கழிப்பறைக்குப் போகக் கேட்பதுபோல. வழியை மறித்து யாரும் நிற்கவில்லை. மண்டபத்தின் நடுவில் வெறும் சிவப்புக் கம்பளம்தான் கிடந்தது.

லாரிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. எனக்கு ஒரு நகைச்சுவை வந்தது, விழுங்கிவிட்டேன். அவன் பக்கம் திரும்பினேன்.

"வாடா," என்றேன்.

"இப்ப எங்கடா வாரது? காடி ஓட்டுறதே நான்தான்," என்று சொல்லிச் சிக்னலைப் போட்டுக் காரைச் சாலையில் ஏற்றினான். ஈப்போ வரும்வரை அவன் சிரிக்கவே இல்லை.